டாக்டரம்மா ஜீப்பைக் கேட்டு வந்த போன்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், போன மாதம் உங்களோடு சேர்ந்திருக்கும் அந்த அம்மணிக்கும் இதை எழுதுகிறேன். மலை ஏறும் ஜீப்புகள் திருட்டுப் போகாமல் இருக்க ரகசிய ஸ்விட்ச்சும் அலாரமும் மாட்டிக்கொடுப்பதுதான் முப்பது வருஷத்துக்கு மேல் எனக்குச் சோறு போட்டது. “உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கண்ணா” என்று நீங்கள் கேட்டபோது, எந்த ஒயரை எதோடு சேர்ப்பது என்று எழுதித் தருவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் இப்போது உங்கள் போனிலேயே வீடியோவாகக் கிடைக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். நான் எழுதப்போவது, ஒரு ஜீப்பை நானே வாயால் திருடனுக்கு எடுத்துக்கொடுத்த கதை.

முதலில் நம் வாடிக்கையாளர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். கோவையில் ஜீப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சனி ஞாயிறு வீரர்கள். டயருக்குப் பணத்தை அள்ளி இறைப்பார்கள், மேலே வரிசையாக விளக்கு மாட்டுவார்கள், யானை வந்தாலும் தாங்கும் என்று முன்னால் இரும்புக் கம்பி வைப்பார்கள். அப்புறம் ஆனைகட்டி ரோட்டு டீக்கடையில் சாவியை மேஜை மேலேயே வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். இவர்களுக்கு எந்தப் பூட்டு மாட்டினாலும் சாவி டீக்கடையில்தான் இருக்கும். ஆகையால் வண்டி உள்ளே வந்தவுடன் பேனட்டைத் திறக்காதீர்கள். உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், சாவியை யாரிடம் கொடுப்பீர்கள், வேறு யார் ஓட்டுவார்கள் என்று கேளுங்கள். இதை நான் எவ்வளவு தாமதமாகக் கற்றுக்கொண்டேன் என்பது போகப் போகத் தெரியும்.

டாக்டரம்மா அந்தச் சனி ஞாயிறு கூட்டத்தில் சேர்ந்தவர் இல்லை. மாட்டு டாக்டர். வீடு ஆர்.எஸ்.புரத்தில், வேலை முழுக்க மலையடிவாரத்தில். பேர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன். பஸ் போகாத மலைக் கிராமங்களுக்கு ஒரு பழைய பச்சை ஜீப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போவார். கன்று போட முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு எந்த நேரம் கூப்பிட்டாலும் போவார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு மருந்துப் பெட்டி, ஐஸ் பெட்டி, கயிறு, வாளி எல்லாம் வைத்திருந்தார். அந்த ஜீப்தான் அவருடைய ஆஸ்பத்திரி. பல்லடத்துக் கோழிக் கம்பெனி ஒன்று நல்ல சம்பளத்துக்கு அவரை ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. “வண்டி ஓடுற வரைக்கும் நான் மலைக்குத்தானுங்கண்ணா. வண்டி படுத்துருச்சுன்னா கோழிக்கு ஊசி போடப் போயிருவேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர் வண்டிக்கு ஒரு ரகசிய ஸ்விட்ச் மாட்டினேன். அதைத் தட்டி அணைத்துவிட்டால் சாவி போட்டுத் திருகினாலும் வண்டி கிளம்பாது. எங்கே மாட்டினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை சொன்னதே போதும்.

அந்தக் காலத்தில் நான் பூட்டு மாட்டிய எல்லா வண்டியிலும் முன்கண்ணாடி மூலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ‘திருட்டுத் தடுப்புச் சாதனம் பொருத்தப்பட்டது’ என்று சிவப்பு எழுத்து, கீழே கடைப் பேர், அதற்கும் கீழே என் போன் நம்பர். திருடன் பார்த்தால் பயப்படுவான், மற்றவர்கள் பார்த்தால் கடைக்கு வருவார்கள் என்று ஒரு கணக்கு. அதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவழியில் யாருக்காவது வண்டி நின்றால் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள், நானும் போனிலேயே வழி சொல்லிக் கிளப்பிவிடுவேன். அப்படி எத்தனையோ பேரை வீடு சேர்த்திருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு முகூர்த்த நாள். வெள்ளகோவில் பக்கம் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாணம். அந்த வீட்டு மாடு ஒன்றை டாக்டரம்மா காப்பாற்றிக் கொடுத்திருந்தார் என்பதால் நேரில் வந்து பத்திரிகை வைத்து அழைத்திருந்தார்கள். போகாமல் இருக்க முடியுமா? ஜீப்பிலேயே போய்விட்டார். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பார்க்கிங் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டி, அதற்குப் பின்னால் இன்னொன்று. முன்னால் நிற்பவர் வெளியே போகவேண்டும் என்றால் பின்னால் நிற்கும் வண்டியை நகர்த்த வேண்டும். அதனால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போவது ஊர் வழக்கம். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால் மற்றவர்களை நம்பாத மாதிரி ஆகிவிடும். மண்டபத்து ஆளும், “சாவி வண்டியிலயே இருக்கட்டுங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லியிருக்கிறார். டாக்டரம்மா சாவியை விட்டுவிட்டு இறங்கினார். இறங்கும்போது கைப்பழக்கத்தில் ரகசிய ஸ்விட்ச்சையும் தட்டிவிட்டார். அது இருக்கிறது என்ற தைரியம் வேறு.

காலை பதினொரு மணி இருக்கும், எனக்கு ஒரு போன் வந்தது.

“ஏனுங்கண்ணா, பூட்டு மாட்டுறவிய தானுங்களே? இங்க கண்ணால மண்டபத்துல டாக்டரம்மா வண்டி ஒண்ணு குறுக்க நிக்குதுங்க. பச்சை ஜீப்பு. பொண்ணு மாப்பிள்ளை வண்டி வெளிய போகோணும். அக்கட்டால தள்ளி நிறுத்தலாம்னா ஸ்டார்ட் ஆக மாட்டீங்குதுங்க. உங்க ஸ்டிக்கரைப் பாத்துத்தான் கூப்புடறேன்.”

“டாக்டரம்மா எங்கீங்க?”

“பந்தியில உக்காந்துட்டாங்க. எலையில உக்காந்தவங்களைப் போய் எழுப்பறது நல்லாயிருக்குங்களா? நான் பொண்ணு ஊட்டுக்காரனுங்க.”

அந்தக் குரலில் எவ்வளவு மரியாதை! பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பக்கூடாது என்று யோசிக்கிற மனுஷன் திருடனாக இருப்பான் என்று எந்தக் கொங்கு நாட்டுக்காரனுக்குத் தோன்றும்? டாக்டரம்மா என்று அவனே சொன்னான், பச்சை ஜீப் என்றும் சொன்னான். கண்ணாடியில் ‘கால்நடை மருத்துவர்’ என்று எழுதி ஒட்டியிருப்பதும், அதிலிருந்து ஒரு அம்மா இறங்கிப் போனதும், ஜீப் பச்சையாக இருப்பதும் கண் உள்ள யாருக்கும் தெரியும் என்று எனக்கு உறைக்கவில்லை. டாக்டரம்மா மறதியாக ஸ்விட்ச்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டார் போல என்று நினைத்தேன். இடத்தைச் சொன்னேன். முதலில் அவனுக்குக் கை எட்டவில்லை. “இன்னும் கொஞ்சம் உள்ள உடுங்க, விரல்ல தட்டுப்படும்” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். வண்டி கிளம்பும் சத்தம் போனிலேயே கேட்டது.

“நெம்ப நன்றிங்கண்ணா” என்றான்.

“பரவால்லீங்க, இதென்ன பெரிய விஷயம்” என்றேன்.

பன்னிரண்டரைக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன். “அண்ணா, ஜீப்பைக் காணோமுங்க. மண்டபம் பூராத் தேடிப்போட்டோம். சாவி வண்டியிலதான் இருந்துச்சு, ஆனா ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணிட்டுத்தான் போனேன். எப்படிங்கண்ணா எடுத்திருப்பாங்க?”

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. டாக்டரம்மா தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தார். பழைய வண்டி, திருட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. உள்ளே இருக்கும் மருந்து எல்லாம் வெயிலில் வீணாகிவிடும். கடைசியில் குரல் இறங்கி, “இன்னொரு ஜீப்பு வாங்க என்னால முடியாதுங்கண்ணா. நாளைக்குக் கோழிக் கம்பெனிக்குச் சரின்னு சொல்லிர வேண்டியதுதான்” என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அடடா, போலீஸ்ல சொல்லுங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

இதை எழுத எனக்கு இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அந்தத் திருடன் பேசிய நம்பர் என் போனில் இருந்தது. போலீஸுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே துப்பு அதுதான். அதைக் கொடுத்தால் நான்தான் இடம் சொன்னேன் என்பதும் வெளியே வரும். பூட்டு மாட்டுகிறவனே பூட்டைத் திறந்து கொடுத்தான் என்று ஊர் சிரிக்கும். திருடனுக்கு நானும் கூட்டு என்றுகூடப் போலீஸ் நினைக்கலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டு, வேறொரு வண்டியின் ஹாரனைக் கழற்றி மாட்டி, மறுபடியும் கழற்றி மாட்டி, முழுசாக ஒரு மணி நேரத்தைக் கழித்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஜீப் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதையும் யோசித்தேன். யோசித்துக்கொண்டே ஹாரனைக் கழற்றினேன்.

கடையில் வரவு செலவு, போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது என் மனைவி சரசு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, “காலையில டாக்டரம்மா வண்டின்னு யாரோ கேட்டாங்களே, வண்டி நகந்துச்சாமா?” என்றாள்.

நான் ஹாரனையே திருகிக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். டப்பாவை மூடினாள்.

“போச்சுங்களா?”

“போச்சு.”

“அவங்களுக்குச் சொல்லிப்போட்டீங்களா?”

“இல்ல.”

சரசு கோபப்பட்டால் சத்தம் போட மாட்டாள், மரியாதை கூடிவிடும். “சாமி, நீங்க போனை எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுங்களா?” என்றாள். நான் எடுத்தேன்.

டாக்டரம்மா அப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தார். “அம்மணி, ஸ்விட்ச் இருக்கற இடத்தைச் சொன்னது நாந்தானுங்க” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதல் தடவை கூப்பிட்டபோதே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தது உண்மை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “அந்த நம்பரைச் சொல்லுங்கண்ணா” என்றார். சொன்னேன். பக்கத்தில் இருந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார். அவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், ஸ்விட்ச் ஆஃப்.

சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு மணி வாக்கில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அதே நம்பர்.

இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, ஆனால் நடந்தது இதுதான். “அண்ணா, நாந்தானுங்க. காலையில பேசுனனே, டாக்டரம்மா வண்டி” என்றது குரல். அவனுக்கு வண்டியைப் பற்றிக் கேட்க உலகத்தில் என்னைவிட்டால் யாரும் இல்லை. நம் பேச்சு அவ்வளவு இதமாக இருந்திருக்கிறது.

திட்டிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சரசு எதிரில் நின்று, உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். தம்பிகளே, இந்தத் தொழிலில் நான் செய்த நல்ல காரியம் ஏதாவது உண்டு என்றால் அது அடுத்த மூன்று நிமிஷம் கோபப்படாமல் பேசியதுதான்.

“சொல்லுங்க, சொல்லுங்க. வண்டி நகந்துச்சுங்களா?”

“அது நகந்துச்சுங்க. இப்ப மறுபடியும் நின்னுபோச்சு. டீசல் தீந்துபோச்சுங்க. கேன்ல வாங்கியாந்து ஊத்திப் பாத்துட்டேன், கிளம்ப மாட்டீங்குது.”

டீசல் சுத்தமாகத் தீர்ந்தால் குழாயில் காற்று பிடித்துக்கொள்ளும். அந்தக் காற்றை எடுத்துவிட்டால் ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பும். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

“எங்கீங்க நிக்கறீங்க? பக்கத்துல நம்ம மெக்கானிக் யாராச்சும் இருந்தா அனுப்பி வெக்கறனுங்க” என்றேன்.

“ஆளெல்லாம் வேண்டாமுங்க” என்றான் சட்டென்று. குரல் மாறிவிட்டது. அவசரப்பட்டுவிட்டேன் என்று புரிந்தது. இன்னொரு தடவை எங்கே என்று கேட்டால் போனை வைத்துவிடுவான்.

“சரிங்க, வேண்டாம், எதுக்கு வீண் அலைச்சல். நீங்களே பண்ணிக்கலாம். பேனட்டைத் தொறந்துபோடுங்க. எஞ்சின் சூடு ஏறியிருக்குது. ஈரச்சாக்கு ஒண்ணை அது மேல போட்டு அரை மணி நேரம் ஆற விடோணும். அதுக்குள்ள சாவியைத் தொட்டீங்கன்னா எஞ்சின் மொத்தமாப் போயிரும், பாத்துக்கங்க.”

“சாக்குக்கு நான் எங்கீங்க போறது?”

“பக்கத்துல கடை கண்ணி எதுவும் இல்லீங்களா?”

“கடை இருக்குதுங்க. ஆனா எங்க பாத்தாலும் ஜமுக்காளக் கடையாத்தான் இருக்குது.”

சரசுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பவானி. ஸ்டேஷனில் இருக்கும் டாக்டரம்மாவுக்குச் சொல்ல, அவள் தன் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே ஓடினாள்.

“அது போதுமுங்க. சாக்கைவிட ஜமுக்காளம் நல்லா ஈரம் தாங்கும். துண்டு விழுந்தது ஏதாச்சும் இருந்தாக் கேட்டு வாங்கி, நல்லா நனைச்சுப் போடுங்க. அரை மணி நேரம். அப்புறம் கூப்புடுங்க, மீதியைச் சொல்றேன்.”

“நெம்ப நன்றிங்கண்ணா.”

“பரவால்லீங்க” என்றேன். பழக்க தோஷம்.

அரை மணி நேரம் ஆவதற்குள் பவானி போலீஸ் அவன் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. நம்பர் பிளேட்டை மாற்றியிருந்தான். ஆனால் பேனட்டைத் திறந்துபோட்டு, எஞ்சின் மேல் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போட்ட ஈர ஜமுக்காளத்தை விரித்துவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தவனை அடையாளம் காண அவர்களுக்கு நம்பர் பிளேட் தேவைப்படவில்லை.

சாயங்காலம் வாக்குமூலம் கொடுக்க நான் வெள்ளகோவிலுக்குப் போனேன். வழி முழுக்க என்ன கேட்பார்களோ என்ற பயம். சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, “அப்ப உங்க அஜாக்கிரதையாலதான் வண்டி போயிருக்குது” என்றார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த டாக்டரம்மா, “சார், சாவியை வண்டியில விட்டது நானுங்க. அதை முதல்ல எழுதுங்க, அண்ணா சொன்னதைக் கீழ எழுதுங்க. வரிசையா இருக்கட்டும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து அலைந்து களைத்திருந்தவர், என்மேல் கோபப்பட எல்லா உரிமையும் உள்ளவர், எனக்கு முன்னால் தன் தப்பை எடுத்து வைக்கிறார். அந்த நன்றி எனக்கு இந்த ஜென்மத்துக்கும் தீராது. சரசுவுக்கும் அதே நன்றிதான் சொல்ல வேண்டும், ஆனால் சொன்னால் பிடித்துக்கொள்வாள், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெளியே வந்த பிறகு கேட்டேன், “ஏனுங்க அம்மணி, என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டலீங்களே?”

“நீங்க சொல்லாம இருந்தீங்க பாருங்க, அந்த ஒரு மணி நேரம் திட்டறதுக்கு எனக்கு நிறைய நேரம் இருந்துச்சுங்கண்ணா. யாரைத் திட்டறதுன்னுதான் தெரியல. நீங்க சொன்னதுக்கப்புறம் வேலை வந்துருச்சு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தை அவர் மறக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. மறக்கவும் கூடாது.

அன்று ராத்திரியே ஒரு நோட்டில் பழைய வாடிக்கையாளர்களின் பேரை எல்லாம் எழுதினேன். அடுத்த நாளிலிருந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும். அதற்குப் பிறகு யார் போனில் வண்டியைப் பற்றிக் கேட்டாலும், “வெச்சுருங்க, நானே கூப்புடறேன்” என்று சொல்லிவிட்டு, என் நோட்டில் இருக்கும் சொந்தக்காரர் நம்பருக்குத்தான் கூப்பிட்டேன். மரியாதை இல்லாதவன் என்று பேர் வாங்கினேன். நீங்களும் தைரியமாக வாங்குங்கள். மறுபடி கூப்பிட்டதால் யாருக்கும் வண்டி போகவில்லை. அதைவிட முக்கியம், தப்பு நடந்தது தெரிந்த உடனே வண்டிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பேரைக் காப்பாற்ற யோசிக்கும் நேரத்தில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கோர்ட்டு வேலை முடிந்து வண்டி டாக்டரம்மா கைக்கு வரப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் வாடகை ஜீப் பிடித்து மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கோழிக் கம்பெனிக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பதினொன்றாம் நாள் காலையில் பச்சை ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. ஸ்விட்ச்சைக் கழற்றித் தரச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே போனேன்.

“புது இடம் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கீங்களா அண்ணா?” என்றார்.

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். “அம்மணி, டவுனுக்குள்ள நல்ல கடையெல்லாம் இருக்குதுங்க. நானே பேசிவிடறேன். என்ற கிட்டயே மறுபடியும் மாட்டோணுங்களா?”

“வேற ஆளுகிட்டப் போனா, அவரு இனிமேலதானுங்க இந்தத் தப்பைப் பண்ணோணும். நீங்க பண்ணி முடிச்சுட்டீங்க” என்று சொல்லி, சாவியை என் கையில் வைத்தார். “மத்தியானத்துக்குள்ள முடிச்சுருங்கண்ணா. ஆனைகட்டியில ஒரு மாடு கன்னு போட இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது.”

மருந்துப் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு, எதிரில் வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனார்.